மூன்றாம் பிரஸ்ஸின் கண்

கடம்பத்தூர்
28-7-2025, திங்கள்

மருமகள் ஹெலனுக்கு மாமன் அன்புராஜ் எழுதுவது.

நீ அங்கே ஹாஸ்டலில் இருக்கிறாய், போனில் பேசலாம் என்றால் என் காது ஒத்துழைக்கவில்லை. இரும்புத் தகடு வளைக்கிற பிரஸ் ஷாப்பில் கொடுத்த காது, திரும்பி வராது. நீ ஒரு பக்கம் கத்த, நான் ஒரு பக்கம் கத்த, நடுவில் உன் அம்மா ஞானம்மா வந்து இரண்டு பேரையும் திட்டுகிறாள். அதனால்தான் கடிதம். வேன் டிரைவர் பச்சையப்பன் தினமும் இங்கிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்குப் போகிறவன்தானே. அவன் சட்டைப்பையில் வைத்தால் எட்டு மணிக்கெல்லாம் உன் கம்பெனி கேட்டில் இருக்கும்.

விஷயம் கேள்விப்பட்டேன். உன்னை லைன் லீடர் ஆக்கிவிட்டார்கள். ஆறு பிரஸ், பதினான்கு பெண்கள். ஏழு வருடம் பிரஸ் முன்னால் உட்கார்ந்து தோள்பட்டையைத் தேய்த்த பிள்ளைக்கு இப்போதுதான் நிற்கிற வேலை கிடைத்திருக்கிறது. ஆகஸ்ட் கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்களாம், எண்ணிக்கை விழுந்தால் பழையபடி ஸ்டூலில் போய் உட்கார வேண்டுமாம். விழாது. யார் வீட்டுப் பிள்ளை?

நம் குடும்பத்தில் இது இரண்டாவது தலைமை. முதலாவது யார் என்று நான் என் வாயால் சொல்லக் கூடாது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், நீ வேலை செய்கிற அதே தொழிற்பேட்டையில், நான் மேஸ்திரி. என்னிடம் நாற்பது பேர். ஞானம்மா பதினெட்டு என்பாள். அவள் எண்ணிய நேரத்தில் மீதிப் பேர் டீக்குப் போயிருந்தார்கள். நான் விசில் அடித்தால் ஆந்திரா பார்டர் வரைக்கும் ஒருவன் அசையமாட்டான். முதலாளி காரை விட்டு இறங்கியதும் முதலில் என் முகத்தைப் பார்ப்பார், அப்புறம்தான் செருப்பைத் தேடுவார்.

என் இடது கையில் இரண்டு விரல் ஏன் இல்லை என்று உனக்குத் தெரியும். சுப்பராயன் கை பிரஸ்ஸில் மாட்டிக்கொண்டது. பன்னிரண்டு டன் அழுத்தம். எல்லாரும் ஓடினார்கள், நான் மட்டும் பாய்ந்தேன். அவனை இழுத்துப் போட்டேன். அவனுக்கு ஒரு கை போனது, எனக்கு இரண்டு விரல். டாக்டர்கள் பதினோரு பேர் வந்து என் கையைப் பார்த்துவிட்டுத் தலை குனிந்தார்கள். தலைவன் என்றால் அதுதான்.

முதல் பாடம் சொல்கிறேன். பத்து நாளைக்குப் பல் வெளியே தெரியக் கூடாது. ஒருத்தியை, ஒரே ஒருத்தியை, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒரு தடவை கத்திவிடு. மீதி தானாக நடக்கும்.

பச்சையப்பன் ஹாரன் அடிக்கிறான். எனக்கே கேட்கிறது என்றால் ஊருக்கே கேட்டிருக்கும். முடிக்கிறேன்.

அன்புராஜ்


கும்மிடிப்பூண்டி
31-7-2025

மாமா,

போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். காகிதத்துக்குத் தடை இல்லை. உங்கள் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு தடவை படித்தேன்.

நீங்கள் சொன்னபடி செய்தேன். செவ்வாய்க்கிழமை மேரி பாத்ரூம் போய்விட்டுக் கொஞ்சம் தாமதமாக வந்தாள். எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினேன். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு லைனே மாறிவிட்டது. யாரும் நிறுத்தவில்லை, யாரும் தப்புச் செய்யவில்லை. தகட்டை வைக்கிற ஒவ்வொரு முறையும் ஒரு மூச்சு கூடுதலாக எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஷிப்ட் முடிவில் கார் கதவுக் கீல் முந்நூறு குறைந்திருந்தது.

சுமலதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றாம் பிரஸ். நாற்பத்தைந்து வயதிருக்கும். தடா பக்கத்திலிருந்து வருகிறார், பேச்சில் பாதி தெலுங்கு. அவர்தான் லீடர் ஆவார் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். டிப்ளமோ இருந்ததால் எனக்கு வந்தது. அவர் ஒரு தடவை இருமினால் பதின்மூன்று தலை திரும்புகிறது. நான் கத்தியபோது ஒரே ஒரு தலைதான் திரும்பியது, அதுவும் அவருடையது. "இன்னாத்துக்கும்மா கத்துற? மிஷின் கத்துறது பத்தலயா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நேற்று ஆபீஸில் வகுப்பு வைத்தார்கள். சென்னையிலிருந்து ஒருவர் வந்து தலைவர்கள் ஆறு வகை என்று திரையில் படம் போட்டார். உத்தரவு போடுகிறவர், எல்லாரையும் கேட்டுச் செய்கிறவர், தட்டிக்கொடுக்கிறவர், முன்னால் ஓடிக் காட்டுகிறவர். மீதி இரண்டு வருவதற்குள் லைனிலிருந்து என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் எந்த வகை என்று யோசித்து யோசித்துத் தலை வலிக்கிறது. மேனேஜர் மோகன்ராஜ் இதில் எதிலும் இல்லை. அவர் கத்தவே மாட்டார். போர்டில் எண்ணை எழுதிவிட்டு, சாக்பீஸை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விடுகிறார். அதற்கு இரண்டு வார்த்தை திட்டிவிடலாம்.

இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது மாமா. சாப்பிட உட்கார்ந்தாலும் போர்டு எண்ணைத்தான் கூட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஹெலன்


கடம்பத்தூர்
3-8-2025, ஞாயிறு

ஹெலன் பாப்பாவுக்கு,

கத்தச் சொன்னது நான்தான். ஆனால் எந்தக் குரலில் கத்துவது என்று நான் சொல்லவே இல்லையே. உன் அம்மா குரலில் கத்தியிருப்பாய். அது ஆட்டை விரட்டுகிற குரல். போகட்டும்.

ஆறு வகை என்று ஒருவர் சென்னையிலிருந்து வந்து சொன்னாராம். என்னைக் கேட்டிருந்தால் பதினொன்று சொல்லியிருப்பேன், படம் இல்லாமலே. ஆறாம் வகுப்பு பாஸ் நான். ஏழாம் வகுப்பில் வாத்தியாருக்கு என்மேல் பொறாமை, அதனால் நின்றுவிட்டது. இல்லையென்றால் அந்தத் திரையில் இன்று நான் நின்றிருப்பேன்.

இரண்டாம் பாடத்துக்கு வருகிறேன். பயம் வரவில்லை என்றால் பாசத்தால் பிடி. ஆடி மாதம் நடக்கிறது. பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் பாதி உன் லைன் பெண்களாகத்தான் இருக்கும். நீ சர்ச்சுக்குப் போகிற பெண், நமக்கு ஒட்டாது என்று அவர்கள் மனதில் ஓர் ஓரத்தில் இருக்கும். அதை உடை. வருகிற வெள்ளிக்கிழமை ஷிப்ட் தொடங்கும் முன்னால் உன் கையாலேயே ஆறு பிரஸ்ஸுக்கும் சந்தனமும் குங்குமமும் வை. எலுமிச்சம்பழம் நசுக்கு. எல்லாருக்கும் பொங்கல் கொடு. கர்த்தர் ஒன்றும் நினைக்கமாட்டார், அவரும் தச்சுப்பட்டறையில் வேலை பார்த்தவர்தான்.

நான் இப்படிச் செய்தபோது முதலாளி அழுதே விட்டார். அந்த ஆட்கள்தான் பிறகு எனக்காக உயிரைக் கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். சுப்பராயன் மாட்டியது நாற்பது டன் பிரஸ். நான் தோளைக் கொடுத்து மேல் இரும்பைத் தூக்கினேன். முதலில் பன்னிரண்டு என்று எழுதியிருந்தால் அது பேனாவின் தப்பு.

அந்த சுமலதாவின் பிரஸ்ஸுக்கு மட்டும் கொஞ்சம் தாராளமாக வை. புரிகிறதா?

அன்புராஜ்


கும்மிடிப்பூண்டி
10-8-2025

மாமா,

வெள்ளிக்கிழமை செய்தேன். சொல்லச் சொல்லச் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது.

சந்தனம் நானே குழைத்தேன். ஒவ்வொரு பிரஸ்ஸுக்கும் பொட்டு. மேரிதான் முதலில் கிட்டே வந்தாள். "இன்னாக்கா, சர்ச்சுல ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே குங்குமக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமைக் கோபம் அத்தோடு போயிற்று. சுமலதா பெரியபாளையத்து வேப்பிலையைத் தன் பையிலிருந்து எடுத்து எனக்கு ஒரு கொத்து கொடுத்தார்.

நீங்கள் தாராளமாக வை என்றீர்கள். மூன்றாம் பிரஸ்ஸுக்கு எங்கெங்கே வைப்பது என்று பார்த்தேன். முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் முழ நீளத்துக்குக் கறுப்புப் பட்டை நிற்கும். அதற்குள் ஒரு சென்சார். நாங்கள் கண் என்போம். கை உள்ளே இருந்தால் அந்தக் கண் பார்த்துவிடும், பிரஸ் இறங்காது. எனக்கு அது தெரியும் மாமா, ஏழு வருடமாகத் தெரியும். ஆனால் அந்த நிமிடம் சுமலதா சிரிக்கிறார் என்ற சந்தோஷத்தில் இரண்டு பட்டையிலும் பட்டையாகவே சந்தனத்தைத் தீற்றிவிட்டேன்.

சைரன் அடித்தது. ஐந்து பிரஸ் ஓடியது, மூன்று ஓடவில்லை. சந்தனத்தைக் கை என்று நினைத்துக்கொண்டு கண் விடவே மாட்டேன் என்கிறது. துணியால் துடைத்தோம், தண்ணீரால் துடைத்தோம். ஒரு மணி நேரம் போனது. ஃபிட்டர் வந்து பெயிண்ட் தின்னர் போட்டுத் துடைத்து, என்னவோ செய்து, "ஓடுது மேடம், சரி பண்ணிட்டேன்" என்று போனார்.

அதற்கப்புறம்தான் ஆச்சரியம். அன்று மாலை எண்ணிக்கை குறையவில்லை, கூடியிருந்தது. சனிக்கிழமை அதைவிடக் கூடுதல். பேட்டையில் உள்ள எங்கள் மூன்று லைனிலும் நாங்கள்தான் முதல். மோகன்ராஜ் சாக்பீஸை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார், முதல் தடவையாக.

எனக்கு ஏன் நிம்மதி வரவில்லை என்று தெரியவில்லை.

ஹெலன்


கடம்பத்தூர்
12-8-2025

ஹெலன் பாப்பா,

நிம்மதி வராது. ஜெயித்தவனுக்கு ஏது நிம்மதி? உன் கடிதத்தை ஸ்டேஷன் டீக்கடையில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அரக்கோணம் லோக்கல் வந்தும் இரண்டு பேர் ஏறாமல் நின்று கேட்டார்கள். ஒருவர் செவ்வாப்பேட்டைக்காரர், அங்கே தன் மகனும் சூப்பர்வைசராம், அவனுக்கும் யோசனை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

சந்தனத்தைக் கண்ணில் பூசியதுகூட ஒரு வகையில் என் யோசனைதான் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். நீ மறுக்காதே.

நிரந்தரமானதும் முதல் சம்பளத்தில் எனக்கு எதுவும் வேண்டாம். ஒரு விசில் மட்டும் வாங்கி வை. ஞாபகத்துக்கு.

அன்புராஜ்


கும்மிடிப்பூண்டி
17-8-2025

மாமா,

டீக்கடையில் இனிமேல் படிக்காதீர்கள். இதைத் தனியாகப் படியுங்கள்.

மூன்றாம் பிரஸ்ஸுக்குக் கண் இல்லை. தின்னர் போட்டதில் அதன் கண்ணாடி மங்கிவிட்டது. துடைத்தபிறகும் நின்று நின்று ஓடியிருக்கிறது. ஃபிட்டர் பின்பக்கப் பெட்டியில் ஒரு சாவியைத் திருப்பி, கண்ணையே ஒதுக்கி வைத்துவிட்டார். புது பாகம் புனேயிலிருந்து வர இன்னும் மூன்று வாரமாம். இப்போது கை உள்ளே இருந்தாலும் பிரஸ் இறங்கும். கீல் வளைவது மூன்றாம் பிரஸ்ஸில்தான். அது ஓடுகிற வேகம்தான் லைனின் வேகம். எண்ணிக்கை ஏன் கூடியது என்று இப்போது புரிகிறதா? பாசமும் இல்லை, பொங்கலும் இல்லை.

சுமலதாவுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. "கண்ணு வெக்காத மிஷின்ல பத்து வருசம் ஓட்னவ நானு. இதான் நல்லாகீது, நடு நடுவுல நிக்கிற பேஜாரு இல்ல" என்கிறார். மோகன்ராஜிடம் போனேன். பாகம் வருகிறவரை ஜாக்கிரதையாக ஓட்டச் சொன்னார். சுமலதா பழைய கை, பயப்பட வேண்டாம், மாசக் கடைசி வேறு வருகிறது என்றார். மாசக் கடைசி என்றபோது அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

பிரஸ்ஸை நிறுத்தினால் எண்ணிக்கை பாதியாகும். நான் பழைய ஸ்டூலுக்குப் போக வேண்டியதுதான். நிறுத்தாவிட்டால் ஒவ்வொரு தட்டலுக்கும் என் கண் அந்தக் கையில்தான் இருக்கிறது. எட்டு மணி நேரமும் அங்கேயே சுற்றிச் சுற்றி வருகிறேன். சந்தனம் பூசியது என் கை.

நீங்கள் அந்த வேலையில் இருந்தவர். ஒரு வரி போதும். நிறுத்து, அல்லது நிறுத்தாதே. கதை வேண்டாம்.

ஹெலன்


கடம்பத்தூர்
19-8-2025

ஹெலனுக்கு,

ஒரு வரியில் எழுத எனக்குப் பழக்கம் இல்லை.

எங்கள் காலத்தில் மிஷினுக்குக் கண் ஏது, மூக்கு ஏது? மனுஷனுக்குக் கண் இருந்தது, அதை வைத்து ஓட்டினோம். அந்த அம்மாள் பத்து வருடம் ஓட்டியவள் என்கிறாள், அப்புறம் உனக்கென்ன? இன்னும் பன்னிரண்டு நாள். கையெழுத்து ஆகட்டும், அன்றைக்கே சாவியைத் திருப்பிப் போடு. அப்போது உன் பேச்சு எடுபடும். இப்போது நிறுத்தினால் லீடரும் இல்லை, பேச்சும் இல்லை. மேலே இருப்பவன்தான் நல்லது செய்ய முடியும். இது என் பதினொன்றில் எட்டாவது வகை.

கை போக வேண்டியவனுக்கு எங்கே இருந்தாலும் போகும். சுப்பராயனுக்குப் போனது. அறுபத்து மூன்று டன். அன்று காலையில்கூட நாங்கள் ஒன்றாகத்தான் நாஷ்டா சாப்பிட்டோம். நான் இழுத்தேன்.

கீழே மூன்று வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே, ஒன்றும் இல்லை.

இரண்டு நாளாக எனக்கும் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஸ்டேஷன்வரை போகிறேன், வருகிறேன். ஞானம்மா என்ன என்று கேட்கிறாள். காது வலி என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புராஜ்


கும்மிடிப்பூண்டி
23-8-2025

மாமா,

நேற்று காலை பத்தே முக்காலுக்கு மூன்றாம் பிரஸ் சுமலதாவின் கையுறையைக் கடித்தது. நடுவிரலின் நுனித் துணி மட்டும். விரல் இருக்கிறது. அவர் கையுறையைக் கழற்றி எல்லாருக்கும் காட்டிச் சிரித்தார். டீ வந்தது. டம்ளரை எடுத்தார். டீ முழுக்கப் புடவையில் கொட்டியது.

நான் சிவப்புப் பட்டனை அழுத்தினேன். பின்பக்கப் பெட்டியில் இருந்த சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். கத்தவில்லை, கெஞ்சவில்லை, அந்த ஆறு வகையில் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. மூன்றாம் பிரஸ் ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டேன், வேறு யாரும் உட்காரக் கூடாது என்பதற்காக.

முதலில் எதிர்த்தது சுமலதாதான். கிட்டே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "மாசக் கடைசி வரிக்கும் பொறுத்துக்கினா நீ லீடரு. இப்ப நிறுத்துனா என்னத்தான் போடுவாங்க. தெரிஞ்சிதான் பண்றியா?"

"தெரியும்க்கா."

மோகன்ராஜ் வந்தார். கண் இல்லாமல் ஓட்டச் சொல்லி ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், ஓட்டுகிறேன் என்றேன். அவர் கையில் சாக்பீஸ் இருந்தது. எழுதவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் உள்ளே இருக்க முடியாமல் கேட்டுக்கு வெளியே வந்தேன். எதிரே தகரக் கொட்டகையில் ஒரு சைக்கிள் ஸ்டாண்ட். டோக்கன் கொடுக்கிறவருக்கு வலது கை மணிக்கட்டோடு இல்லை. ஏழு வருடமாக அவரைத் தாண்டிப் போயிருக்கிறேன், பேசியதில்லை. பெஞ்சில் உட்காரச் சொன்னார். எந்த ஊர் என்றார். கடம்பத்தூர் என்றேன். "கடம்பத்தூர்ல அன்புராஜுன்னு ஒருத்தன், எட்டு விரலுக்காரன், கீறானா?" என்று கேட்டார்.

அவர்தான் சுப்பராயன். நீங்கள் ஒரு தடவைகூட அவர் இங்கேயே இருக்கிறார் என்று சொன்னதில்லை. உங்களைப் பற்றிக் கெடுதலாக ஒன்றும் பேசவில்லை. நானாகக் கேட்டேன், மாமாதானே உங்களை இழுத்தார் என்று. டோக்கன்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்.

"இழுத்தவன் அவன்தாம்மா. பட்டனுக்குக் கட்ட வெச்சவனும் அவன்தான்."

பழைய பிரஸ்ஸில் இரண்டு பட்டன் இருக்குமாம். இரண்டு கையாலும் இரண்டையும் அழுத்தினால்தான் இறங்கும், அப்போது கை உள்ளே இருக்க வழியில்லை. ஒரு பட்டனில் மூங்கில் துண்டைச் செருகிவிட்டால் ஒரு கை மிச்சம், எண்ணிக்கை கூடும். எல்லாம் விளக்கமாகச் சொன்னார்.

நீங்கள் எனக்கு அந்தக் கதையை மூன்று தடவை எழுதினீர்கள். டன் மாறியது, தோள் வந்தது, டாக்டர்கள் வந்தார்கள். மூன்றிலும் மூங்கில் இல்லை. நான் ஒரு வரி கேட்டபோதுகூட இல்லை. என் லைனில் ஒரு கை போயிருந்தால் அதற்கும் ஒரு கதை வைத்திருப்பீர்களா?

இனி எனக்கு எழுத வேண்டாம்.

ஹெலன்


கடம்பத்தூர்
26-8-2025

ஹெலனுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்று மட்டும். பச்சையப்பனிடம் கெஞ்சிக் கொடுத்திருக்கிறேன்.

சுப்பராயன் சொன்னது சரி. ஆனால் அவனுக்குத் தெரிந்தது பாதி.

அது எத்தனை டன் பிரஸ் என்று எனக்கு ஞாபகம் இல்லை. என்னிடம் இருந்தவர்கள் பதினெட்டுப் பேர். இரவு ஷிப்ட் மேஸ்திரி என்னைவிட எண்ணிக்கை காட்டினான். அவனை ஒரு மாதமாவது முந்த வேண்டும் என்று எனக்கு வெறி. மூங்கிலை நான்தான் சீவினேன். உன் அம்மாவின் அரிவாள்மணையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பட்டன் அளவுக்கு அழகாகச் சீவி, கண்ணாடித் துண்டால் வழவழப்பாக்கினேன். சுப்பராயன் பயந்தான். "வேணாண்டா அன்பு" என்றான். நான் எல்லார் முன்னாலும் அவனைப் பார்த்து, உனக்கு வளையல் வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். பதினேழு பேர் சிரித்தார்கள். அவன் போய் உட்கார்ந்தான்.

நான்காம் நாள் மாட்டியது. அவன் கத்தினான். நான்தான் முதலில் ஓடினேன். அது பொய் இல்லை. ஓடிப்போய் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? மூங்கிலைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டேன். அப்புறம்தான் பக்கவாட்டுச் சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றினேன். அதில்தான் பெல்ட்டுக்கு நடுவே என் விரல் போனது. ஐந்து எண்ணுகிற நேரம் இருக்கும், அந்த மூங்கிலை எடுக்க. அந்த ஐந்து எண்ணிக்கையில் அவன் கை பிழைத்திருக்குமா என்று டாக்டரை நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில், வலது கையால். அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். எனக்கு மாலை போட்டார்கள்.

சந்தனம் பூசியது தப்பு என்று தெரிந்த பிறகு நீ ஒரு வாரம் தூங்கவில்லை. நான் இருபத்திரண்டு வருடம் நன்றாகத் தூங்கினேன். கதை சொல்லிச் சொல்லியே தூங்கினேன். உன் பதினேழாம் தேதிக் கடிதத்துக்குப் பிறகுதான் அந்தத் தூக்கம் போயிற்று.

மூங்கிலை எறிய முடியவில்லை. அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தது. இத்துடன் வைத்திருக்கிறேன். என்ன வேண்டுமானாலும் செய்.

அன்புராஜ்


கும்மிடிப்பூண்டி
2-9-2025

மாமா,

நேற்று காலை வந்ததுமே முடிவு சொன்னார்கள். சுமலதாதான் லைன் லீடர். நான் மூன்றாம் பிரஸ்ஸில். தோள்பட்டை முதல் நாளே ஆரம்பித்துவிட்டது. வருத்தமா என்று அம்மா கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள். உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், வருத்தம்தான்.

புதுக் கண் சனிக்கிழமையே வந்துவிட்டது. மூன்று வாரம் என்றார்கள். பிரஸ் நின்றிருந்ததால் யாரோ போன் போட்டு அவசரப்படுத்தியிருக்கிறார்கள்.

நடுவில் இருந்த அந்த ஒரு வாரம், எண்ணிக்கை பாதியாக ஓடிய வாரம், நான் ஒன்று செய்தேன். காலை சைரனுக்கு முன்னால் எல்லாரையும் இரண்டு கையையும் தூக்கிக் காட்டச் சொன்னேன். பதினான்கு பேர், இருபத்தெட்டுக் கை, எண்ணிய பிறகுதான் சுவிட்ச். வெட்கப்பட்டார்கள். மேரி, "இன்னாக்கா, கொள்ளக்காரிங்கள புடிச்ச மாதிரி கீது" என்று சிரித்தாள். சுமலதா பாதிதான் தூக்கினார், காதுக்கு மேலே போகவில்லை.

நேற்று காலை நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். சுமலதா நான் நிற்கிற இடத்தில் நின்றார். இருமினார். அப்புறம் தன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். எல்லாரும் தூக்கினோம். நானும் தூக்கினேன். நான் ஒரு வாரம் சொல்லிச் சொல்லி வராத நேர்த்தி ஓர் இருமலில் வந்தது. எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, வேறு எப்படியோவும் இருந்தது.

நான் சுமலதாவிடம் ஒப்படைத்திருந்த பெட்டிச் சாவியை ஃபிட்டர் வந்து கேட்டார். "சாவி என் இடுப்புல கீது. குடுக்கலாமான்னு ஹெலனு கிட்ட கேட்டுக்கினு வா" என்றார் சுமலதா. ஃபிட்டர் என்னிடம் கேட்கவில்லை, போய்விட்டார்.

மூங்கிலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதைக் கொடுக்க வேண்டிய ஆளிடம் கொடுப்பது என் வேலை இல்லை. அவர் தினமும் காலை ஆறிலிருந்து இருக்கிறார். பச்சையப்பன் வேனில் முன் சீட் காலிதான்.

ஹெலன்


கும்மிடிப்பூண்டி
6-9-2025, சனி

ஹெலனுக்கு,

இதை உன் கம்பெனி கேட்டுக்கு எதிரே சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எழுதுகிறேன். நீ உள்ளே இருக்கிறாய். சைரன் எனக்கே கேட்டது. கையைத் தூக்கியிருப்பீர்கள்.

கவரப்பேட்டை தாண்டியதும் இறங்கிவிடலாம் என்று இரண்டு தடவை பச்சையப்பன் தோளைத் தொட்டேன். அவன் நிறுத்தவில்லை. சத்தத்தில் கவனிக்கவில்லை என்கிறான். காது போனது எனக்குத்தானே.

சுப்பராயன் என்னைப் பார்த்தான். முடியெல்லாம் நரைத்துவிட்டது. இரண்டு வண்டிக்கு டோக்கன் கொடுத்தான். இடது கையாலேயே எண் எழுதுகிறான், என் கையெழுத்தைவிட நன்றாக இருக்கிறது. மூங்கிலை நீட்டினேன். அதைப் பிடுங்கிப் பையில் போட்ட கதையைச் சொன்னேன். ஐந்து எண்ணிக்கை என்று சொன்னேன். நான்கு என்று வாய் வரை வந்தது, ஐந்து என்றேன்.

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கட்டைவிரலால் அதன் வழவழப்பைத் தடவினான். எறிந்துவிடுவான் என்று நினைத்தேன், என் முகத்திலாவது. அவன் குனிந்து, ஆடிக்கொண்டிருந்த பெஞ்சுக் காலுக்கு அடியில் அதைச் செருகினான். ஆட்டிப் பார்த்தான். பெஞ்சு ஆடவில்லை.

"இப்பத்தான் இதுக்கு ஒரு வேல கெடச்சிது" என்றான்.

பக்கத்துக் கடையில் எனக்கு டீ சொன்னான். பெஞ்சில் உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே குடித்தேன். எட்டு விரலால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு.

மன்னித்தானா என்று ஞானம்மா கேட்பாள். கட்டிப்பிடித்து அழுதான் என்று சொல்ல வாய் துடிக்கும். ஒன்றும் சேர்க்காமல் எழுதியிருக்கிறேன், ஊருக்கு வரும்போது இதையே அவளுக்குப் படித்துக் காட்டு. டீ ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

அன்புராஜ்